புகைபோக்கி இருக்கு... புகை எங்கே போகுது?

பதினைந்து நாளாக மீன்கார ஆயாவைக் காணோம். பொன்னேரியில் எங்கள் தெருவுக்கு வாரம் மூன்று நாள் பழவேற்காட்டிலிருந்து கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்குபவர். "மூச்சு வாங்குதாம், படுத்துட்டாங்க" என்று கூட வரும் இன்னொரு அம்மா சொல்ல, ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் அந்தக் குப்பம். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய கான்கிரீட் வீடு. அதை ஒட்டினாற்போல் தகர ஷீட் போட்ட சமையல்கட்டு. உள்ளே ஆயாவின் மருமகள் விறகடுப்பில் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற எனக்கே கண் எரிந்தது. மூன்று வயசுப் பேரன் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவனுக்கும் மாசத்துக்கு ஒரு தடவை வீசிங்காம்.

"ஏன் ஆயா, இவ்வளவு புகையில..." என்று நான் ஆரம்பிப்பதற்குள், "அதுக்குத்தான் பைப்பு வச்சிருக்கோமேமா!" என்றார் ஆயா, மூச்சிரைத்தபடி.

வாஸ்தவம்தான். பைப் இருந்தது. அடுப்பின் பின்பக்கத்திலிருந்து கிளம்பி, ஷீட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போனது. என் கணவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். ஷீட்டை ஒட்டிய இடத்தில் பைப் அப்பளம் மாதிரி பொரிந்து, கையகலத்துக்கு ஓட்டை. மேலே தொப்பி இல்லை. உள்ளே மைனா கூடு! நடுவில் நாலைந்து மாசம் கேஸில் சமைத்தார்களாம், அப்போது குடி வந்திருக்கிறது. அடுப்புப் புகை பாதி தூரம் போய், வழி இல்லாமல் திரும்பி, சமையல்கட்டுக்குள்ளேயே இறங்குகிறது.

புகைபோக்கியே இல்லாத வீட்டில் கதவைத் திறந்து வைப்பார்கள், குழந்தையை வெளியே அனுப்புவார்கள். பைப் இருக்கிற வீட்டில் அந்த ஜாக்கிரதை போய்விடுகிறது. கெட்டுப்போன புகைபோக்கியின் ஆபத்தே அதுதான்.

மூச்சுக்குள் என்ன போகிறது?

விறகுப் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் இருக்கின்றன. தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு ரோமம் தடுக்காது. நேரே நுரையீரலின் அடி அறைகளுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரியவர்களுக்கு சி.ஓ.பி.டி. எனும் மூச்சுக்குழாய் அடைப்பு நோய், சின்னக் குழந்தைகளுக்கு நிமோனியா, பெண்களுக்குக் கண்புரை, இதய நோய் என்று பட்டியல் நீளம். பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பெண்களுக்குப் 'புகைக்கிறவங்க நோய்' எப்படி வருகிறது என்றால், பதில் அடுப்பங்கரையில்தான். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். புயல் மழை நாளில் ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு அடைபட்ட புகைபோக்கியோடு அடுப்பெரித்தால், வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வரும். 'மீனு ஒத்துக்கலை போல' என்று நினைத்துக்கொண்டு படுத்துவிடக் கூடாது. எல்லோரும் உடனே வெளியே வந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடலோரத்தில் மட்டும் ஏன் சீக்கிரம் போகிறது?

அதே ஜி.ஐ. பைப்பை ஆரணியிலோ திண்டிவனத்திலோ வைத்தால் பல வருஷம் தாங்கும். பழவேற்காட்டில் தாங்காது. இங்கே பைப்புக்கு இரண்டு பக்கமும் எதிரி.

வெளிப்பக்கம் உப்புக் காற்று. அலை உடையும்போது பறக்கிற உப்பு பைப் மேல் படிகிறது. உப்புக்கு ஒரு குணம், காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே பெய்யாவிட்டாலும் தகரம் ராத்திரி முழுக்க நனைந்த மாதிரியே இருக்கும். முதலில் துத்தநாகப் பூச்சு போகும், பிறகு இரும்பு. உட்பக்கம் புகையின் வேலை. விறகு எரியும்போது நீராவி வரும், கூடவே வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலமும் வரும். பைப்பின் மேல்பாதி குளிர்ந்திருப்பதால் இரண்டும் அங்கே வேர்த்து வடியும். கரிப்பிசினோடு சேர்ந்து தார் மாதிரி ஒட்டும். ஈர விறகு என்றால் இன்னும் மோசம். வெளியே உப்பு, உள்ளே புளிப்பு... நடுவில் ஒரு மெல்லிய தகரம் என்ன செய்யும், பாவம்! பைப் கூரையைத் தொடுகிற இடத்தில்தான் தண்ணீர் தேங்கும் என்பதால், பெரும்பாலும் அங்கேதான் முதல் ஓட்டை. ஆயா வீட்டிலும் அப்படியே.

எரிக்கிற பொருளுக்கும் இதில் பங்கு உண்டு. சவுக்கு, வேலிகாத்தான் விறகு காய்ந்திருந்தால் பரவாயில்லை. உடைந்த படகு மரத்தைச் சும்மா கிடக்கிறதே என்று அடுப்பில் வைக்காதீர்கள். வருஷக்கணக்காகக் கடல் தண்ணீரில் ஊறிய மரத்தில் உப்பு இருக்கிறது. அது எரிந்தால் பைப்பை அரிக்கிற வாயுவும், டையாக்ஸின் என்கிற நச்சும் வரும். பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். பற்ற வைக்க நைலான் வலைத் துண்டு, கேரி பேக், ஃபைபர் படகுச் சில்லு... இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

செங்கல் கூண்டு வைத்த பழைய வீடுகளுக்கு

இது குப்பத்துச் சமாசாரம், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய பழவேற்காடு தொடங்கி நாகப்பட்டினம் வரை, கடலோர ஊர்களில் காரை வீடுகள் இன்னும் இருக்கின்றன. சமையலறையில் செங்கல் புகைக்கூண்டு இருக்கும். கேஸ் வந்த பிறகு அதை மறந்திருப்போம். பொங்கலுக்கும் விசேஷத்துக்கும், வெந்நீர் அடுப்புக்கும் மட்டும் எடுப்போம். அப்போதுதான் வினை.

அந்தக் காலத்துக் காரை பெரும்பாலும் கிளிஞ்சல் சுண்ணாம்பு. பழவேற்காடு ஏரிப் படுகையிலேயே கிளிஞ்சல் தோண்டி எடுத்துச் சுட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு மிருதுவானது, ஈரத்தை வெளியே விடும். சுவரில் உப்பு பூத்தால் பூச்சுதான் உதிருமே தவிர செங்கல் தப்பிக்கும். 'உதிருதே' என்று அதன் மேல் சிமெண்ட் பூசுகிறோம் பாருங்கள், அங்கேதான் தப்பு. ஈரம் வெளியேற வழியின்றி, உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை மாவாக்குகிறது. வெளியே பார்த்தால் வழவழவென்று இருக்கும். உள்ளே இணைப்புகளெல்லாம் வாயைத் திறந்திருக்கும். அந்த இடுக்கு வழியாகப் புகையும் கார்பன் மோனாக்சைடும் பக்கத்துப் படுக்கையறைக்குக்கூடப் போகலாம்.

மேல்பகுதியைக் கெட்டியான வரிசை வரும் வரை பிரித்து, நன்றாக வெந்த செங்கல்லால் மறுபடி கட்டுங்கள். சுண்ணாம்புக் கலவையே நல்லது. கடல் மணல் கூடவே கூடாது. ஆற்று மணலோ எம்.சாண்டோ இருக்கட்டும். பிறகு கூண்டுக்கு உள்ளே ஓர் உறை இறக்க வேண்டும். உறைக்கிணறு பார்த்திருப்பீர்களே, சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது... அதே யோசனைதான். சுடுமண் குழாய் துருப்பிடிக்காது, உப்புக்கும் புளிப்புக்கும் அசராது. அடுக்கும்போது குழாயின் அகன்ற வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே வடிகிற கரித்தண்ணீர் குழாய்க்குள்ளேயே கீழே இறங்கும். தலைகீழாக வைத்தால் இணைப்பு வழியாகக் கசிந்து செங்கல்லில் ஊறும். மேஸ்திரியிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள். அவர் 'தெரியும்மா' என்பார். பரவாயில்லை, மூன்றாவது தடவையும் சொல்லுங்கள்!

எந்த பைப் வாங்கலாம்?

கூண்டு இல்லாத சமையல்கட்டுக்கும் சுடுமண் குழாய் மலிவு, நல்லது. கனம்தான் பிரச்னை, தாங்க சுவர் வேண்டும். வசதி இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடையில் 304, 316 என்று இரண்டு ரகம் சொல்வார்கள். 316-ல் மாலிப்டினம் கலந்திருப்பதால் கடல் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அதைச் சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டு மாட்டினால் முதலில் ஸ்க்ரூ அரித்து, பைப் சாயும். ஜி.ஐ. பைப்தான் கட்டுப்படியாகும் என்றால் போடுங்கள், தப்பில்லை. வருஷா வருஷம் தட்டிப் பார்த்து, அரித்ததும் மாற்றுவது என்று முடிவு செய்துகொண்டு போடுங்கள்.

விட்டம் நாலு அங்குலமாவது இருக்கட்டும், மூன்று அங்குலம் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடுப்பிலிருந்து உச்சிவரை பத்தடி உயரமாவது வேண்டும், கூரை முகட்டைவிட இரண்டடி மேலே தெரிய வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று அடிக்கும்போது முகட்டில் மோதிக் கீழே இறங்கும். குட்டையான பைப் என்றால் அந்தக் காற்று புகையை அப்படியே உள்ளே தள்ளிவிடும். வளைவு குறைவாக இருக்கட்டும். மேலே தொப்பி, பறவை நுழையாதபடி அகலக் கண் வலை, அடியில் கரி அள்ள மூடியுள்ள ஒரு வாய், இவ்வளவும் சேர்ந்ததுதான் புகைபோக்கி. ஓலைக் கூரை என்றால் தகர பைப்புக்கும் ஓலைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி கட்டாயம் வேண்டும். பைப்பைச் சுவர் வழியாக வெளியே எடுத்து, கூரையை விட்டு விலக்கி உயர்த்துவது பத்திரம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. 1980-களில் தொடங்கி 2002 வரை நடந்த மத்திய அரசின் புகையில்லா அடுப்புத் திட்டத்தில் பல வீடுகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பைப்தான் வைத்தார்கள். சாம்பல் நிறத்தில், தட்டினால் 'டொக்'கென்று சத்தம் தரும். ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலுக்குள் போனால், இருபது முப்பது வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். பழைய பைப்பை மாற்றும்போது உடைக்காதீர்கள், ரம்பம் போடாதீர்கள். தண்ணீர் தெளித்து, முழுசாகக் கழற்றி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி ஓரமாக வையுங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்லித்தான் அப்புறப்படுத்த வேண்டும். பிள்ளைகள் அதைக் குழாய் என்று எடுத்து விளையாட விடவே கூடாது.

வைத்தால் மட்டும் போதுமா?

ஒரிஸ்ஸாவில் சுமார் 2,600 குடும்பங்களில் புகைபோக்கி வைத்த மண் அடுப்புகளை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் நாலு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருஷம் பெண்களின் மூச்சில் புகை குறைந்தது. பிறகு பழையபடி ஆகிவிட்டது. நுரையீரலில் முன்னேற்றம் ஏதும் தெரியவில்லை. காரணம் என்ன தெரியுமா? அடுப்பைச் சரியாகப் பயன்படுத்தவில்லை, ரிப்பேர் பார்க்கவில்லை. அமெரிக்காவில் 2012-ல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த மைனா கூடுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை. அடுப்பு எரியும்போது ஊதுபத்தியைக் கொளுத்தி பைப் இணைப்புகளின் அருகே பிடியுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. வெளியே தள்ளினால் அங்கே கசிவு அல்லது மேலே அடைப்பு. அடுப்பு அணைந்து ஆறிய பிறகு, அடிமூடியைத் திறந்து சின்னக் கண்ணாடியால் பாருங்கள், வெளிச்சம் தெரிய வேண்டும். சாவியால் பைப்பைத் தட்டுங்கள், 'ணங்' என்றால் சரி. 'சொத்' என்றால் உள்ளே அரிப்பு. தினம் எரிகிற அடுப்பு என்றால் வாரம் ஒரு தடவை, நீளக் கம்பில் சாக்கைக் கட்டி கரியைத் தள்ளிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆவணி, புரட்டாசியில் ஒரு முறை ஆளை ஏற்றி உச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

'கேஸ் வாங்கினா தீர்ந்ததே' என்பீர்கள். உண்மைதான், அதுதான் நல்ல வழி. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம் பங்கேற்று, மொத்தம் நாலு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு 2022-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு இலவசமாக கேஸ் தந்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் மற்றவர்களுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, கேஸ் மட்டுமே எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆயா வீட்டிலும் சிலிண்டர் உண்டு. டீ, பால் அதில். மீன் குழம்பும் வெந்நீரும் விறகில். "ரெண்டு சிலிண்டர் காசுல வலைக்கு நூலு வாங்கிடலாம்மா" என்கிறாள் மருமகள். அவளோடு விவாதம் பண்ணி நான் ஜெயிக்க முடியாது. விறகு எரிகிறவரை புகைபோக்கி ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

ஆயாவைப் பொன்னேரி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்பதால் முதலில் சளிப் பரிசோதனை, டி.பி. இல்லை என்று வந்தது. பிறகு ஊதச் சொல்லிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி. சி.ஓ.பி.டி.தான். இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். "பழகிப்போயிடுமாமே?" என்று பயந்தார். இன்ஹேலர் போதை மருந்தல்ல, மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது, நிறுத்தினால்தான் கஷ்டம் என்று டாக்டர் புரிய வைத்தார். போன மாசம் சுடுமண் குழாய் வைத்து, மேலே தொப்பியும் போட்டாகிவிட்டது. வாரம் ஒரு நாள் கூடை தூக்க ஆரம்பித்திருக்கிறார். பேரனை இன்னும் அடுப்புப் பக்கத்திலிருந்து எழுப்பத்தான் முடியவில்லையாம், குழம்பு இறக்குகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான்.