பிடுங்கப் பிடுங்கப் பெருகும் கோரை

‘உப்பு, வினிகர், பாத்திரம் கழுவும் சோப்பு மூன்றையும் கலந்து தெளித்தால் கோரை அடியோடு ஒழியும் என்று வீடியோவில் காட்டுகிறார்களே, உண்மையா?’ என்று கேட்கிறார் ஒரு வாசகி.

இலை கருகும். கருகுவதை வீடியோ எடுக்கவும் முடியும். சில வாரம் கழித்து அதே இடத்தில் கோரை மறுபடி தலைகாட்டுவதைத்தான் யாரும் படம் பிடிப்பதில்லை. கூடுதல் பலன், மண்ணில் தங்கிய உப்பு அடுத்து வைக்கும் கத்தரியை வாட்டும்.

கோரையை இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிடும். அங்கேதான் ஏமாறுகிறோம். வந்தது மேல்பாகம் மட்டுமே. அந்த இடத்தைக் கொத்திப் பாருங்கள்: கம்பிபோன்ற மெல்லிய தண்டில், கறுப்பாக, சுண்டைக்காய் அளவில் கிழங்குகள் சரம் சரமாகக் கிடக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே வெள்ளை. நாட்டு மருந்துக்கடை வாசனை.

ஒரு சரத்தில் எல்லாக் கிழங்கும் ஒன்றாக முளைப்பதில்லை. இது பழைய கூட்டுக்குடும்பம். முளைத்து வெளியே நிற்கும் செடிதான் பெரியவர். அவர் இருக்கும்வரை மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. குருத்தில் ஊறும் ஆக்சின் என்ற ஹார்மோனுக்கு இந்த அதட்டலில் பெரும்பங்கு உண்டு. நாம் பெரியவரைப் பிடுங்கிவிட்டோம், சரத்தையும் மண்வெட்டியால் நறுக்கிவிட்டோம். மறுவாரமே ஆளுக்கொரு தனிக்குடித்தனம், தனி அடுப்பு, தனி ரேஷன் கார்டு! ஒவ்வொரு கிழங்கிலும் பல மொட்டுகள் உண்டு. முதல் முளையைக் கிள்ளினால் அடுத்த மொட்டு வாரிசுரிமை கோரும். களைக்கொல்லியும் இதில்தான் தோற்கிறது. இலை வழியே இறங்கும் மருந்து விழித்திருக்கும் கிழங்குக்குப் போகிறதே தவிர, தூங்குகிற கிழங்கு வரை சரியாகப் போய்ச் சேருவதில்லை.

வரலாறு கேட்பவர்களுக்கு: இது நம் பக்கத்துச் செடிதான், அமெரிக்கக் கண்டங்களுக்குத்தான் வந்தேறி. 1977இல் லெராய் ஹோம் குழுவினர் வெளியிட்ட உலகின் மோசமான களைகள் பற்றிய நூலில் இதற்கே முதலிடம். சூடானின் அல் கிதய் என்னுமிடத்தில் கிடைத்த பழங்கால மனிதர்களின் பல் காரையை ஆராய்ந்தவர்கள், அவர்கள் இந்தக் கிழங்கைத் தின்றிருக்கிறார்கள் என்று 2014இல் எழுதினார்கள். போதும்.

சரி, என்ன செய்வது? கிழங்கு எழுப்பும் ஒவ்வொரு முளையும் கையிருப்பு மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் வருகிறது. ஆகவே கோடையில் பாத்தியை ஆழக் கொத்தி, சரங்களை அறுத்து, எல்லோரையும் எழுப்பிவிடுங்கள். மேலே வந்த கிழங்குகள் வெயிலில் நாள்கணக்கில் காய்ந்தால் சாகும். மீதி முளைத்ததும், இலை சம்பாதித்துப் புதுக் கிழங்கு கட்டுமுன், அதாவது இரண்டு மூன்று வாரத்துக்கொரு தடவை வெட்டுங்கள். பாலிதீன் விரிப்பை நம்பாதீர்கள். கூரான முளை அதைக் குத்திக்கொண்டு வரும். நிழலை நம்பலாம். வெயில் இல்லாவிட்டால் கோரை நொந்துபோகும். பாத்தி ஓய்ந்ததும் பூசணி, தட்டைப்பயறு என்று அடர்ந்து படர்வதைப் போடுங்கள்.

ஒரு பருவத்தில் முடிகிற வேலையல்ல. அதனால் புதிதாக வர விடாதிருப்பதே லாபம். மொட்டைமாடித் தொட்டிக்குச் செம்மண் வாங்கினால் சலித்து நிரப்புங்கள். நர்சரிப் பையில் ஒரு கோரை நின்றாலும் அந்தச் செடியை வாங்காதீர்கள். வீடியோவில் இதைக் காட்ட மாட்டார்கள், விற்பதற்கு இதில் ஒன்றுமில்லை.