அயல்கூட்டம்: அண்டை வீட்டார் கடமையும் அரசின் கடமையும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிப் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் அமைந்துள்ளன. பாலக்காட்டைச் சேர்ந்த அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். இடுக்கியின் மூணாறுப் பகுதியில், தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து வரும் தமிழர் பலர் லயங்களில் வசிக்கின்றனர். மருத்துவமனை தொலைவிலுள்ள இத்தகைய இடங்களில், இடர் நேரும்போது முதலில் ஓடி வருபவர் அண்டை வீட்டாரே.

அயலாருக்கு உதவுதல் மனித இயல்பு. எனினும் இயல்பை மட்டுமே நம்பியிருந்தால், உறவும் செல்வாக்கும் உடையோருக்கே உதவி விரைந்து கிட்டும். தனித்து வாழும் முதியோரும் நோயாளிகளும் விடுபட்டுப் போவர். எனவே, எவரும் விடுபடாதவாறு காக்க ஓர் அமைப்பு தேவைப்படுகிறது.

கேரளத்தில் 1998ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற குடும்பஸ்ரீ இயக்கத்தின் அடித்தளம் அயல்கூட்டம் ஆகும். அருகருகே வாழும் 10 முதல் 20 பெண்கள் இதில் அங்கம் வகிக்கின்றனர். சிறுசேமிப்பும் கடனுதவியும் இதன் பணிகள். ஆயினும் இதன் பயன் பணத்தோடு முடிவதில்லை. தவறாது வருபவர் ஒருவர் கூட்டத்திற்கு வராவிடில், காரணம் யாது என்ற வினா எழுகிறது. அயல்கூட்டங்கள் வார்டு அளவிலும் ஊராட்சி அளவிலும் இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு வீட்டின் துயரம் ஊராட்சியின் கவனத்திற்குச் செல்ல வழி பிறக்கிறது.

சேமிக்கவும் இயலாத வறியோரை இவ்வமைப்பு எவ்வாறு அணுகும்? இதற்கென 2002இல் ஆசிரயா திட்டம் தொடங்கப்பட்டது. ஆதரவற்ற குடும்பங்களை அக்கம்பக்கத்தார் வாயிலாகவே கண்டறிந்து உதவுதல் இதன் நெறி. பின்னர் மாநில அரசு மேற்கொண்ட கணக்கெடுப்பில் 64,006 குடும்பங்கள் கடும் வறுமையில் இருப்பதாக அறியப்பட்டது. அவற்றுக்கு உதவிகள் அளித்தபின், 2025 நவம்பர் 1 அன்று கடும் வறுமை அகன்றதாக அரசு அறிவித்தது. இந்நிலை நீடிப்பதும், புதிதாக வறுமையில் வீழ்வோரை உடனே இனங்காண்பதும் அயலாரின் விழிப்பைப் பொறுத்தவை.

அட்டப்பாடியில் 2013இல் நிகழ்ந்த குழந்தை மரணங்கள் நாடெங்கும் கவலையை எழுப்பின. அதன்பின் அங்குள்ள ஊர்களில் சமூகச் சமையற்கூடங்கள் தொடங்கப்பட்டு, குடும்பஸ்ரீ பெண்கள் அப்பணியில் ஈடுபட்டனர். உண்ண வராத கர்ப்பிணி யார் என்பதைத் தொலைவிலுள்ள அலுவலரைவிட அவ்வூர்ப் பெண்ணே முதலில் அறிவார்.

ஆனால் அயலாரின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. 2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். தொலைத்தொடர்பு அற்றுப் போயிருந்தமையால் செய்தி வெளியுலகை எட்ட மறுநாள் காலை ஆயிற்று. பாதுகாப்பான குடியிருப்பு, சாலை, தொலைத்தொடர்பு, முன்னெச்சரிக்கை ஆகியவற்றை அண்டை வீட்டார் அமைத்துவிட இயலாது.

துன்பத்தை முதலில் அறிதல் அயலார் கடமை. அறிந்தவர் குரலுக்குச் செவிசாய்த்து விரைந்து செயற்படுதல் அரசின் கடமை. இவற்றுள் ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது. இவ்விரண்டும் இணையுமிடத்தில்தான் ஊரக வளர்ச்சி கடைக்கோடி வீட்டையும் சென்றடையும்.