பீங்கான் நனைந்தால் மின்சாரம் ஏன் கசிகிறது?

மங்கலம்பேட்டையில் பழைய வீடுகளின் மீட்டர் பலகையைப் பாருங்கள்: ஃபியூஸ் கட்டை வெள்ளைப் பீங்கான். பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். செம்பில் எலக்ட்ரான்கள் தாராளமாக நகரும். பீங்கானில் அவை அணுக்களோடு கட்டுண்டு கிடக்கும். அதனால்தான் பீங்கான் மின்சாரத்தைத் தடுக்கிறது.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, அலகு ஓம். 1-ஐ மின்தடையால் வகுத்தால் மின்கடத்துத்திறன், அலகு சீமென்ஸ்.

காய்ந்த கட்டையின் தடை 100 கோடி ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டுக்கு ஓடுவது வெறும் 0.23 மைக்ரோ ஆம்பியர். மழைக்காலத்தில் ஈரமும் தூசியும் மேலே படிந்து, 10 லட்சம் ஓம் தடையுள்ள இன்னொரு பாதையைத் திறக்கின்றன. இரண்டும் பக்க இணைப்பு. இங்கே தடைகளைக் கூட்டக் கூடாது, பள்ளியில் பலர் தடுமாறும் இடம் இதுதான். கடத்துத்திறன்களைக் கூட்ட வேண்டும்: 0.001 + 1 = 1.001 மைக்ரோ சீமென்ஸ். இப்போது மின்னோட்டம் சுமார் 230 மைக்ரோ ஆம்பியர், ஆயிரம் மடங்கு! பீங்கான் கெடவே இல்லை; கசிவு முழுக்க மேற்பரப்பில்தான்.

அழுக்கு எளிதில் ஒட்டாதிருக்கவே பளபளப்பான மேற்பூச்சு. மின்கம்பத்துப் பீங்கானில் குடைபோன்ற மடிப்புகளும் உண்டு: பாதை நீண்டால் தடை கூடும், அடிப்புறமும் மழையில் எளிதில் நனையாது.