சொன்னவர் சொல்லும் சொல்பவர் பொறுப்பும்

இலங்கையில் பண்டாரவளையிலிருந்து கொஸ்லாந்தைக்குச் செல்லும் மலைப்பாதையில் பூனாகலையைச் சூழ்ந்துள்ள தோட்டங்களின் பிள்ளைகள், சாதாரண தரப் பரீட்சைக்காக ஆங்கிலம் பயிலும்போது அஞ்சி ஒதுங்கும் பாடங்களுள் ஒன்று, ஒருவர் நேரே கூறியதை மற்றொருவர் எடுத்துரைப்பதாக மாற்றி எழுதும் பாடமாகும். நேர்கூற்றை அயற்கூற்றாக்குதல் என்று நம் இலக்கண நூல்கள் இதனைக் குறிக்கும். இது இன்னதாக மாறும், அது அன்னதாக மாறும் என்று ஓர் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி, அதனை மனனம் செய்யும்படி பிள்ளைகளை ஏவுவதே பெரும்பாலும் வழக்கமாயிருக்கிறது. இவ்வட்டவணையின் உட்பொருளை அறிவதற்குத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையைவிடத் தகுதி வாய்ந்த மாணாக்கர் உலகில் அரியர் என்பது என் திடமான அபிப்பிராயம்; ஏனெனில், அப்பிள்ளையின் பாட்டன் பாட்டியர் காலந்தொட்டே தோட்டத்து வாழ்வு அயற்கூற்றினாலேயே நடைபெற்று வந்திருக்கிறது.

பொழுது புலருமுன், தொழிலாளர் வேலைக்காகக் கூடும் பிரட்டுக் களத்தில் நிகழ்ந்துவந்ததைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தோட்ட நிர்வாகியான துரை தம் உத்தரவைக் கணக்கப்பிள்ளையிடம் ஆங்கிலத்திலோ, தாம் அரைகுறையாகக் கற்ற தமிழிலோ தெரிவிப்பார். கணக்கப்பிள்ளை அதனைக் கங்காணிக்குச் சொல்லுவார். கங்காணி தொழிலாளருக்குச் சொல்லுவார். "நாளைக்குப் பத்தாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கவேண்டும், பிந்தி வருகிறவர்களுக்கு நான் அரைப்பேர்தான் போடுவேன்" என்று (அரைப்பேர் என்பது அரைநாட் சம்பளம்) துரையின் வாயிலிருந்து புறப்பட்ட வார்த்தை, தொழிலாளர் குடியிருப்பான லயத்தை அடையும்போது, "நாளைக்குப் பத்தாம் நம்பர் மலையிலே கொழுந்து எடுக்கச் சொன்னார் துரை, பிந்தி வந்தால் அரைப்பேர்தான் போடுவாராம்" என்று உருமாறியிருக்கும். எழுத்தறியாத கங்காணியொருவர் எவ்வித இலக்கணப் பயிற்சியுமின்றி, கட்டளையை 'எடுக்கச் சொன்னார்' என்றும், தன்மையைப் படர்க்கையாக்கிப் 'போடுவாராம்' என்றும் மாற்றிவிட்டார். அன்றியும், அந்த 'ஆம்' என்ற சிறு விகுதியினால், இச்சொல் தம்முடையதன்று, பிறரிடமிருந்து தாம் கேட்டது என்பதையும் உணர்த்திவிட்டார். தொழிலாளரின் முறைப்பாடும் இவ்வாறே படிப்படியாக மேலேறித் துரையின் ஆபீசை அடைந்தது. ஆங்கிலத்தில் பெட்டிசம் எழுதுவித்த காலத்திலோ, 'நான்' என்று அழுதவனுடைய சொல், 'இம்மனுதாரன் தெரிவித்துக்கொள்வதாவது' என்று தொடங்கும் அந்நியமான படர்க்கையில் அடைபட்டுப் போயிற்று.

ஆகையால் பாடத்தை இவ்விடத்திலிருந்தே தொடங்கலாம் என்பேன். பிறர் கூற்றை எடுத்துரைப்பவன் நிற்குமிடம் வேறு, நேரம் வேறு, ஆளும் வேறு. மாற்றங்கள் யாவும் இந்த ஓர் உண்மையினின்றே பிறக்கின்றன. சொன்னவளுடைய 'நான்' என்னுடைய 'அவள்' ஆகிறது. அவளுடைய 'இங்கே' எனக்கு 'அங்கே' ஆகிறது. சில நாள் கழித்துச் சொல்லுகிறேனாயின், அவளுடைய 'நாளை' எனக்கு 'மறுநாள்' ஆகிறது. ஆனால் அவள் சொன்ன இடத்திலேயே, சொன்ன அன்றே நான் எடுத்துரைத்தால், 'இங்கே' என்பதும் 'நாளை' என்பதும் மாறவேண்டிய அவசியமே இல்லை. அட்டவணையை மட்டும் பாடஞ்செய்த பிள்ளை இதனை அறியாது. நிற்குமிடத்தை அறிந்த பிள்ளைக்கோ அட்டவணையே வேண்டியதில்லை.

இம்மட்டும் தமிழும் ஆங்கிலமும் ஒருவழிச் செல்வன. வினையின் காலத்திலேதான் அவை பிரிகின்றன. கொழுந்து எடுப்பவள் ஒருத்தி, "ஐ ஆம் கோயிங் டு பண்டாரவளை டுமாரோ" என்று சொன்னதைப் பின்னொரு நாள் எடுத்துரைக்கும் ஆங்கிலேயன், "ஷி செட் தட் ஷி வாஸ் கோயிங் டு பண்டாரவளை த நெக்ஸ்ட் டே" என்பான். 'ஆம்' என்பது 'வாஸ்' ஆயிற்று. அவ்வாறே 'வில்' என்பது 'வுட்' ஆகும், 'கேன்' என்பது 'குட்' ஆகும், 'மஸ்ட்' என்பது பெரும்பாலும் 'ஹேட் டு' ஆகும், முன்னரே இறந்தகாலத்திலிருந்த 'கேம்' இன்னும் ஒருபடி பின்சென்று 'ஹேட் கம்' ஆகலாம். தமிழன் சொல்வதோ, "தான் மறுநாள் பண்டாரவளைக்குப் போவதாகச் சொன்னாள்" என்பதே. 'சொன்னாள்' என்பது சென்றுபோன காலமாயினும் 'போவதாக' என்பது அசையாமல் நிற்கிறது. காரணம் யாதெனின், உள்ளடங்கிய செயலின் காலத்தைத் தமிழ், சொன்னவள் சொன்ன நேரத்திலிருந்து அளக்கிறது. ஆங்கிலமோ எடுத்துரைப்பவன் நிற்கும் நேரத்திலிருந்து அளக்கிறது. தமிழ்ப் பிள்ளை, 'ஷி செட் தட் ஷி இஸ் கோயிங்' என்று எழுதி மதிப்பெண் இழப்பது அறிவுக் குறைவினாலன்று, தன் தாய்மொழியின் நியாயத்தை அது விசுவாசத்துடன் பின்பற்றியதனாலேயே. இதனை ஆசிரியர் எடுத்துச் சொல்லாமல் சிவப்புக் கோடு மட்டும் இட்டால், பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும்.

வினாவை மாற்றும் இடத்திலும் இதே கதைதான். 'எங்கே போகிறாய் என்று கேட்டார்' எனத் தமிழில், கேட்டவரின் வாக்கியத்தை 'என்று' என்ற ஒரு சொல்லுக்குள் அப்படியே பெய்துவிடலாம். அப்பழக்கத்தினால் பிள்ளை 'ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஆர் யூ கோயிங்' என்று எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தில் வினாவின் தலைகீழ் வரிசை குலைந்து, 'வேர் ஐ வாஸ் கோயிங்' என்று சாதாரண வாக்கியத்தின் வரிசைக்கு வந்தாக வேண்டும். ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லும் வினாவாயின் இடையில் 'இஃப்' என்றாவது 'வெதர்' என்றாவது ஒரு சொல் வரும். 'செட் மீ' என்பது பிழை, 'டோல்ட் மீ' என்பது சரி என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். தமிழிலோ 'சொன்னார்' என்ற ஒரே வினை 'செட்', 'டோல்ட்' ஆகிய இரண்டின் இடத்திலும் நிற்கிறது. அதுவே இக்குழப்பத்திற்கு மூலம்.

தமிழுக்கு இவ்விஷயத்தில் ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. 'முத்து ராமனிடம், தான் குற்றவாளி என்று சொன்னான்' என்றால், குற்றவாளி முத்துவே என்று எவரும் அறிவர். 'அவன் குற்றவாளி' என்றால் பெரும்பாலும் வேறொருவனையே கொள்வர். ஆங்கிலத்திலோ இரண்டு இடத்திலும் 'ஹி' ஒன்றே நின்று, முத்துவோ ராமனோ மூன்றாமவனோ என்று கேட்பவரை மயங்க வைக்கும். நம் மொழியில் 'தான்' தாங்கும் இப்பொறுப்பினைப் பிள்ளைகளுக்கு முதலில் உணர்த்திவிட்டால், ஆங்கிலத்தில் எழுதும்போது பெயரை மீண்டும் ஒருமுறை சொல்லித் தெளிவுபடுத்தவேண்டும் என்ற எச்சரிக்கை அவர்களுக்குத் தானாகவே வரும்.

மதிப்பெண்ணுக்கு அப்பாலும் இப்பாடத்திற்கு ஒரு கனம் உண்டு. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. உயிர்தப்பியோர்க்குக் கொஸ்லாந்தையிலும் பூனாகலையிலும் இருந்த தமிழ்ப் பாடசாலைகளே அடைக்கலமாயின. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்ததும், அவ்வெச்சரிக்கை எவர் மூலமாக, எவ்வளவு அழுத்தத்துடன் மக்களைச் சேர்ந்தது என்பதும், போவதற்கு மாற்றிடம் தரப்பட்டதா என்பதும் பின்னர்ப் பெரும் விவாதப் பொருள்களாயின. 2023 மார்ச் மாதத்தில் பூனாகலைக் கபரகலையிலும் மண் சரிந்தது. ஆபத்தைப் பற்றிய செய்தி இம்மலைகளில் எப்பொழுதும் ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்டு, வேறொருவருக்குச் சொல்வதாகவே பரவுகிறது. நிபுணர் 'எச்சரித்தார்' என்று எடுத்துரைப்பதற்கும், 'சொன்னார்' என்று எடுத்துரைப்பதற்கும், 'போகும்படி கட்டளையிட்டார்' என்பதற்கும், 'போனால் நல்லது என்றார்' என்பதற்கும் இடையே உள்ள தூரத்தைப் பிள்ளைகள் நிறுத்து அறியவேண்டும். ஆங்கிலத்தில் 'வார்ன்ட்', 'செட்', 'ஆர்டர்ட்', 'அட்வைஸ்ட்' என்ற வினைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கணத்தில், எடுத்துரைப்பவன் மூலச்சொல்லின் வலிமையைக் காக்கவும் செய்கிறான், குறைக்கவும் செய்கிறான்.

கால மாற்ற விதிக்கு உள்ள விலக்கும் இங்கேதான் தன் முழு அர்த்தத்தைப் பெறுகிறது. சூரியன் கிழக்கில் உதிக்கும் என்பது போன்ற என்றுமுள்ள உண்மைக்குக் காலத்தை மாற்றவேண்டியதில்லை என்று பாடநூல்கள் கூறும், அவ்வளவோடு நின்றுவிடும். உண்மையில், எடுத்துரைக்கும் நேரத்திலும் மெய்யாக நிற்கும் எச்செய்திக்கும் இச்சலுகை உண்டு. 'தி ஆபீஸர் செட் தட் த ஹில் வாஸ் டேஞ்சரஸ்' என்று எழுதினால், அது அவர் சொன்னது, இன்றைய நிலை பற்றி எழுதுபவர் எதுவும் சொல்லவில்லை. 'வாஸ்' என்பதை 'இஸ்' ஆக்கினால், அம்மலை இன்றும் ஆபத்தாகவே இருக்கிறது என்று எழுதுபவர் தாமும் ஏற்றுக்கொள்கிறார். இவ்விரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதி, நம் தோட்டத்துக்குப் பின்னாலிருக்கும் மலையைப் பற்றிச் சொல்ல எது பொருந்தும், ஏன் என்று வகுப்பைக் கேட்கும் ஆசிரியருக்கு, அன்றைய பாடத்தில் வேறு அட்டவணை எதுவும் தேவைப்படாது.