காவல்காரருக்கு மேலே ஒருவர்!

காஞ்சீபுரம் மாவட்டத்தில் இருக்கிறது ஒரகடம். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர். இன்று காரும், லாரியும், மோட்டார் சைக்கிளும், டயரும் இங்கே தயாராகின்றன. பக்கத்தில் உள்ள ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களையும் சேர்த்தால், தொழிற்சாலைகளை எண்ணி முடியாது.

தொழிற்சாலை வாசலில் நிற்கும் காவல்காரரை எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மேலே பாதுகாப்பு மானேஜர் என்று ஒருவர் உண்டு. அவரை யாருக்கும் தெரியாது! எல்லாம் ஒழுங்காக நடக்கும் வரை அவர் பெயரைக்கூட யாரும் கேட்பதில்லை. ஏதாவது நடந்துவிட்டால் எல்லோரும் முதலில் தேடுவது அவரைத்தான்.

அவர் என்ன படித்திருக்க வேண்டும்?

காவல்காரரைப் பற்றிச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்காக 2005-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அதன்கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளின்படி, காவல்காரர் 100 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். 60 மணி நேரம் வெளியில் பயிற்சி பெற வேண்டும். ஒரு கிலோ மீட்டரை 6 நிமிடத்தில் ஓடிக் காட்ட வேண்டும். 15 காவல்காரருக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும்.

ஆனால் இது ஏஜென்சிகளுக்கான சட்டம். கம்பெனியே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் பாதுகாப்பு மானேஜர் எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. கீழே இருப்பவருக்கு 160 மணி நேரம். மேலே இருப்பவருக்கு அவர் மனசாட்சிதான் கணக்கு!

நெடுஞ்சாலையில் ஓர் இரவு

2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம். சுங்குவார்சத்திரம் அருகே உள்ள பாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் தயாராகிறது. அங்கே வேலை செய்யும் பெண்கள் ஆயிரக்கணக்கில் விடுதிகளில் தங்கியிருந்தார்கள். பூந்தமல்லி பக்கத்து விடுதி ஒன்றில் சாப்பிட்ட பெண்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

அதற்குள் ஒரு வதந்தி கிளம்பியது. “சிலர் செத்துப்போய்விட்டார்கள். மறைக்கிறார்கள்!”

கூட இருந்து, கூடச் சாப்பிட்ட தோழி எங்கே என்று தெரியவில்லை. கேட்டால் சரியான பதில் இல்லை. பிறகு யார்தான் சும்மா இருப்பார்கள்? பெண்கள் சாலைக்கு வந்துவிட்டார்கள். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். வண்டிகள் மைல் கணக்கில் நின்றன.

மாவட்டக் கலெக்டர் நேரில் வந்தார். சிகிச்சையில் இருந்தவர்களை வீடியோ அழைப்பில் பேச வைத்தார். தோழிகளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் கூட்டத்துக்கு நம்பிக்கை வந்தது. உயிரிழப்பு இல்லை. ஆனால் பெண்களின் கோபம் பொய்யானதல்ல. சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே பிறகு சொன்னது. மூடிய தொழிற்சாலை 2022 ஜனவரி 12-ந் தேதிதான் திறந்தது.

இதில் பூட்டுக்கும் கேமராவுக்கும் என்ன வேலை? யார் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்ற ஒரு பட்டியல், நேரத்தோடு விடுதிக்குப் போய்ச் சேர வேண்டும். அதுதான் வேலை. பாதுகாப்பு மானேஜர்கள் இன்று படிக்கும் பாடங்களில் ‘நெருக்கடி நேர நிர்வாகம்’ என்பது தனிப் பாடமாகவே இருக்கிறது. கம்பெனியின் மதில் சுவரோடு பொறுப்பு முடிந்துவிடாது என்று அதில் சொல்லித் தருகிறார்கள்.

தக்கோலத்துப் பள்ளிக்கூடம்

தொழிற்சாலைக் காவலுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் ஒரு தீ விபத்துக்குப் பிறகே வலுத்தது. 1964-ம் ஆண்டு ராஞ்சியில், அரசாங்கத்தின் கன இயந்திரத் தொழிற்சாலையில் பெரும் தீ பிடித்தது. நீதிபதி முகர்ஜி தலைமையில் விசாரணை நடந்தது. அதன் பலனாகப் பிறந்ததுதான் மத்திய தொழில் பாதுகாப்புப் படை. 1969 மார்ச் 10-ந் தேதி 3 பட்டாலியன்களுடன் தொடங்கியது.

அந்தப் படையின் பயிற்சி மையம் ஒன்று அரக்கோணம் அருகே தக்கோலத்தில் இருக்கிறது. ஒரகடத்துக்கு வெகு தூரமில்லை. 949-ம் ஆண்டு அதே தக்கோலத்தில் நடந்த போரில், யானை மேல் இருந்தபடியே உயிர்விட்ட சோழ இளவரசன் ராஜாதித்தன் பெயரை 2025-ல் அந்த மையத்துக்கு வைத்தார்கள். தனியார் தொழிற்சாலைகளுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு இந்தப் படை பாதுகாப்பு யோசனை சொல்கிறது.

உத்தரவு போட்டால் போதாது

பாதுகாப்பு மானேஜர்களில் பலர் ராணுவத்திலோ போலீசிலோ இருந்து வந்தவர்கள். தைரியத்துக்கும் ஒழுங்குக்கும் குறைவில்லை. ஆனால் அங்கே உத்தரவு போட்டால் வேலை நடக்கும். இங்கே வாசலில் நிற்பவர் சிப்பாய் அல்ல. அவர் தொழிலாளி. அவருக்குச் சங்கம் உண்டு. அவரைச் சந்தேகப்பட்டுக் கையைப் பிடித்தால் அதுவே பெரிய வழக்காகிவிடும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். கண் முன்னே பெரிய குற்றம் செய்தவரைப் பொதுமக்களில் ஒருவர் பிடிக்கலாம். ஆனால் அடைத்து வைத்து விசாரிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டப்படி, பிடித்தவரைத் தாமதம் செய்யாமல், 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும்.

திருட்டைக் கண்டுபிடிப்பதும் ஒரு படிப்பு. கழிவு இரும்பு ஏற்றும் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும்போது வெறும் வண்டியை நிறுத்துப் பார்க்கிறார்கள். போகும்போது மறுபடி நிறுக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பணம். கெட்டிக்காரத் திருடன் என்ன செய்கிறான்? வரும்போதே வண்டியில் தண்ணீரோ கல்லோ ஒளித்து வைத்து நிறுக்கிறான். உள்ளே போய் அதைக் கொட்டிவிடுகிறான். அந்த எடைக்கு இரும்பு இலவசம்! வாசலில் ரசீது சரியாகவே இருக்கும்.

இன்னொரு திருடன் வாசலுக்கே வருவதில்லை. கேமராவை மாட்டியவர்கள், அதோடு வந்த ரகசிய எண்ணை மாற்றாமல் விட்டிருப்பார்கள். அவன் எங்கோ உட்கார்ந்து தொழிற்சாலை முழுவதையும் பார்த்துவிடுவான்.

தேறிய பிறகும் படிப்பு

அமெரிக்காவில் 1955-ல் தொடங்கிய ஒரு பாதுகாப்பு அதிகாரிகள் சங்கம், இன்று ‘ஏசிஸ்’ என்ற பெயரில் உலகம் முழுவதும் பரீட்சை வைக்கிறது. தொழிலில் அனுபவம் உள்ளவர்கள் மட்டுமே எழுதலாம். விசாரணை, ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, வரவு செலவு, கம்ப்யூட்டர் தகவல் காவல், நெருக்கடி நிர்வாகம் எல்லாம் உண்டு. தேறினாலும் நிம்மதி இல்லை. 3 ஆண்டுக்கு ஒரு முறை, தொடர்ந்து படித்ததற்கு 60 மதிப்பெண் காட்டி, சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

செலவில்லாத பயிற்சியும் ஒன்று இருக்கிறது. பாதுகாப்பு மானேஜர், மனிதவள அதிகாரி, தீயணைப்பு ஆள், டாக்டர், பஸ் பொறுப்பாளர் எல்லோரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதை சொல்ல ஆரம்பிக்கிறார்.

“இரவு 10 மணி. ஷிப்ட் மாறுகிற நேரம். பெயிண்ட் கிடங்கில் புகை. வாசலில் 4 பஸ் நிற்கிறது. தீயணைப்பு வண்டி எப்படி உள்ளே வரும்?”

பஸ் பொறுப்பாளர் பதில் சொல்கிறார்.

“வெளியே வந்தவர்களை எண்ணியாயிற்று. 2 பேர் குறைகிறது. அந்த 2 பேர் யார் என்ற பட்டியல் யாரிடம் இருக்கிறது?”

மனிதவள அதிகாரி யோசிக்கிறார்.

“அவர்கள் வீட்டுக்கு யார் போன் செய்வது?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அன்றைய வகுப்பு அங்கே இருந்துதான் ஆரம்பமாகிறது.