வலியும் வினைநுட்பமும்

குத்துச்சண்டை வகுப்புக்களுள் எடைக்கு மேலெல்லை வகுக்கப்படாதது அதிபார வகுப்பு ஒன்றே. பல சுற்றுக்களிற் சிறிது சிறிதாக ஈட்டிய புள்ளிகளையெல்லாம் இவ்வகுப்பில் ஒரே குத்துப் பயனற்றனவாக்கிவிடக் கூடும். ஆகவே, இவ்வகுப்பு வீரனொருவன் கலைத்திறனைப் புறக்கணித்துக் குத்தின் வலிமையையே நம்பி நிற்றல் தகுமோ என்னும் வினா எழுகின்றது. அமெரிக்கரான டியொன்ரே வைல்டரின் வரலாறு இதனை ஆராய்தற்கு மிகவும் ஏற்றதாகும்.

வைல்டர் நோயுற்ற தம் மகளின் பொருட்டுப் பொருள் தேட விழைந்து, 20 ஆவது வயதிலேயே இத்துறையிற் புகுந்தார். எனினும் 2008 இல் பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 2015 இல் உலகப் பட்டத்தை வென்று, பத்து முறை அதனைக் காத்தார். 2020 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் பெற்றிருந்த 42 வெற்றிகளுள் 41, எதிரியை வீழ்த்திப் பெற்றவை. 2019 இல் லூயிஸ் ஓர்ட்டிஸ் என்பாருடன் பொருதபோது, ஆறு சுற்று முடிவில் மூன்று நடுவரின் கணக்கிலும் பின்தங்கியிருந்தார். ஏழாஞ் சுற்றில் வலக்கைக் குத்தொன்றால் வென்றார்.

இவ்வலிமை வெறும் உடற்பருமனால் வந்ததன்று. 2018 இல் டைசன் பியூரியை எதிர்த்தபோது வைல்டரின் எடை ஏறத்தாழ 212 இறாத்தல். பியூரியோ 256 இறாத்தலுக்கு மேற்பட்டவர். குத்தின் விசை தோளில் மாத்திரம் பிறப்பதன்று. பின்காலால் நிலத்தை உந்த, அவ்வுந்துதல் இடுப்பின் திருப்பத்தாற் பெருகித் தோள்வழியே முட்டியைச் சேர்கின்றது. நெடிய கையும் விரைவும் அதனை மிகுவிக்கின்றன. ஆகவே, வைல்டரிடம் திறனே இல்லை எனல் பொருந்தாது. அவரிடம் இருந்தது ஒரு திறன். அதனைச் சூழ்ந்து நிற்கவேண்டிய காலசைவு, தற்காப்பு, அண்மைப் போர் என்பனவே போதியவளவு வளரவில்லை.

அக்குறையைப் பியூரி நன்கு உணர்ந்தார். 2018 இல் விலகி விலகிப் பொருத அவர் இருமுறை வீழ்ந்தெழுந்தார். போட்டி சமநிலையில் முடிந்தது. 2020 இலோ முன்னோக்கி வந்து நெருக்கினார். பின்வாங்கிச் செல்பவன் பின்காலை ஊன்றி உந்துதல் அரிது. எதிரி மார்போடு நெருங்கி நிற்கையில் நீண்ட கைக்கு வீச இடமுமில்லை. வலிமை வைல்டரிடம் இருந்தவாறே இருந்தது. அதனைச் செலுத்தும் வாயில் அடைபட்டது. ஏழாஞ் சுற்றில் அவர் தரப்பினரே துவாயை அரங்கினுள் எறிந்து போட்டியை நிறுத்தினர். 2021 இல் அவர் பியூரியை இருமுறை வீழ்த்தியும், பதினோராஞ் சுற்றில் தோற்றார்.

ஜோர்ஜ் போர்மனின் வரலாறு மற்றொரு பக்கத்தைக் காட்டுகின்றது. 1973 இல் ஜோ பிரேசியரை இரண்டு சுற்றுக்களில் ஆறு முறை வீழ்த்திய அவ்வீரர், 1974 இல் கின்சாசாவில் முகமது அலியை ஓயாது தாக்கிச் சோர்ந்தார். கயிற்றிற் சாய்ந்து பொறுத்திருந்த அலி எட்டாஞ் சுற்றில் அவரை வீழ்த்தினார். அதே போர்மன் இருபதாண்டுகளின் பின், 45 ஆவது வயதில், மைக்கேல் மூரரை எதிர்த்தார். புள்ளிகளிற் பின்தங்கியும் பதறாது, இடக்கைக் குத்துக்களால் வழிசெய்து, பத்தாஞ் சுற்றிற் குறுகிய வலக்கைக் குத்தொன்றாற் பட்டத்தை மீட்டார். இளமையில் வலியைச் செலவிட்டவர், முதுமையில் அதனைச் சேமித்துக் காலமறிந்து பயன்படுத்தினார்.

ஆகவே வைல்டர் தம் குத்தின் வலிமையை அளவுக்கு மிஞ்சி நம்பினார் என்பதே எமது முடிபு. அவ்வலிமை அவரை உயர்த்தியது உண்மை. ஆனால், வெற்றி எளிதில் வருங்காலத்துக் குறைகள் கண்ணுக்குப் புலப்படா. புலப்படாத குறையை எவரும் திருத்த முயலார். ஏனைய விளையாட்டுக்களிற் போலன்றி, இங்கே தற்காப்பின் குறைவுக்குத் தலையும் மூளையுமே விலை கொடுக்கின்றன. திருவள்ளுவர் வலியறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, காலமறிதலையும் இடனறிதலையும் அதனையடுத்து வைத்தார். அம்முறைவைப்பு அரசர்க்கு மாத்திரமன்றி, இயற்கை ஆற்றலொன்றால் முன்னேறிவரும் மாணவர் யாவர்க்கும் பொருந்துவதாம்.