மஷ்ரூ: பட்டும் பட்டல்லாததும்

குஜராத்தின் பாட்டண், கட்ச் பகுதியின் மாண்ட்வி ஆகிய ஊர்களில் நெய்யப்படும் 'மஷ்ரூ' என்னும் துணியை நம் வாசகருள் சிலர் கண்டிருக்கலாம். அரபு வேருடைய அச்சொல்லுக்கு 'மார்க்கம் இசைவளித்தது' என்பது பொருள். பாவு பட்டு, ஊடை பருத்தி. சாட்டின் முறையில் நெய்வதால் பட்டிழைகள் துணியின் முகப்பில் மிதந்து ஒளிரும். பருத்தி உட்புறம் தங்கி உடலைத் தொடும். ஆண்களுக்குத் தூய பட்டு ஆகாது என்னும் விதியைப் பேணிக்கொண்டே அதன் பொலிவையும் விரும்பியோருக்காக எழுந்த நெசவு இது என்பர்.

இதனைத் தந்திரம் என நகைப்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கலப்புத் துணி பற்றி ஃபிக்ஹு நூல்கள் நுணுக்கமாகவே ஆராய்ந்துள்ளன. எடையில் பட்டு மிகுந்தால் ஆகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் அளவுகோல். ஹனஃபிகளோ ஊடையை நோக்குவர். பாவு பட்டாயினும் ஊடை வேறு இழையாயின் அணியலாம். நூலைத் துணியாக்குவது ஊடையே என்பது அவர்தம் வாதம். முன்னது தராசின் பார்வை; பின்னது தறியின் பார்வை. இத்துணியில் எந்த இழை, எவ்வளவு, எவ்விடத்தில் என்பதே இருவரும் எழுப்பிய வினா. இன்று ஆடையின் உட்புறச் சீட்டில் அச்சிடப்படும் விழுக்காட்டுக் கணக்கு அவ்வினாவின் ஒரு பாதிக்கே விடை தருகிறது.

இழை எது என்பதே ஐயத்துக்குரியதானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். பட்டு ஒரு புரதம்; பருத்தியோ செல்லுலோஸ். புழு உமிழும் பசை போன்ற ஒன்றை மனிதனும் ஆக்கி இழையாக இழுக்கலாமே என்று 1665-இலேயே ராபர்ட் ஹூக் எழுதியிருந்தார். அதனைச் செய்து காட்டியவர் பிரான்சின் ஷார்டொனே. 1889-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் அவரது செயற்கைப் பட்டு வியப்புடன் நோக்கப்பட்டது. நைட்ரோ செல்லுலோஸால் ஆனதாகையால் அது எளிதில் தீப்பற்றும் இயல்புடையதாய் இருந்தது. 1892-இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவான், பீடில் ஆகியோர் விஸ்கோஸ் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். மரக்கூழை எரிசோடாவாலும் கார்பன் டை சல்பைடாலும் கரைத்து, நுண்துளைகள் வழியே அமிலத்துள் பாய்ச்சினால் இழை கிடைக்கும். அந்தக் கார்பன் டை சல்பைடு ஆலைத் தொழிலாளர் பலரின் நரம்புகளைச் சிதைத்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. 1924-இல் அமெரிக்க வணிகர் இவ்விழைக்கு 'ரேயான்' என்று பெயரிட்டனர். நம் கடைகளிலோ 'ஆர்ட் சில்க்' என்ற பெயரே நிலைத்தது. அந்த 'ஆர்ட்' கலையைக் குறிப்பதன்று. செயற்கை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே.

பெயரில் பட்டு இருப்பதால் விலக்கும் உண்டோ? விலக்கப்பட்டது பட்டுப்புழு நூற்ற பட்டே. மரக்கூழிலிருந்து வந்தது அதன் பெயரைத் தாங்கினும் அதன் விதியைத் தாங்காது என்பதே இக்கால அறிஞருள் பெரும்பாலோரின் முடிவு.

விந்தை யாதெனில், அதே இருபதாம் நூற்றாண்டில் மஷ்ரூவின் பாவிலும் பட்டுக்குப் பதில் ரேயான் புகுந்தது. பட்டு உடலைத் தொடாதிருக்க அமைந்த நெசவு, பட்டே இல்லாத துணியிலும் மாறாமல் தொடர்கிறது.

1935-இல் கரோதர்ஸ் கண்ட நைலானும், 1941-இல் வின்ஃபீல்டு, டிக்சன் இருவரும் கண்ட பாலியெஸ்டரும் வேறு இனம். அவை மரத்திலிருந்தும் வந்தவை அல்ல. உலகின் இழை உற்பத்தியில் சரிபாதிக்கு மேல் இன்று பாலியெஸ்டரே. பட்டென்று சொல்லி விற்கப்படும் பளபளப்பான துணிகளுள் பல இவ்வகையின.

ஐயமுறுவோர் ஓரிழையை உருவி எரித்துப் பார்க்கலாம். பட்டாயின் மயிர் கருகும் நாற்றம் எழும். சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். ரேயானும் பருத்தியும் செல்லுலோஸ் ஆதலால், காகிதம் எரியும் மணமே இரண்டிலும். கலப்புத் துணியாயின் பாவையும் ஊடையையும் தனித்தனியே எரித்தல் வேண்டும். பழைய மஷ்ரூவில் பாவு மயிர்போல் நாறும். ரேயான் மஷ்ரூவில் இரண்டும் காகிதமாகவே மணக்கும்.